முதல் பானைக்கு வந்த மாத்திரை

எதுக்குத் தங்கச்சி அதை முந்தானைக்குள்ள மறைச்சுக் குடுக்குற? கீழ விழுந்தது மாத்திரை அட்டைதானே, திருட்டு நகையா? நேராவே குடு. சீப்பு எடுக்கப் பைக்குள்ள கையை விட்டேன், கூடவே வந்து விழுந்துருச்சு. ஆமா, அதேதான். பிள்ளை உண்டாகாம இருக்கத் தின்கிற மாத்திரை. கண்டக்டர் பாத்தா பாக்கட்டும். அவர் வீட்டுல என்ன, எல்லாரும் சாமியாராவா இருக்காங்க?

உள்ள தள்ளி உக்காரு, பிள்ளைக்கு வெயில் அடிக்குது. பையனா? தலை நிறைய முடி. நான் மருதங்கிணத்துல இறங்கணும். நீ அதையும் தாண்டிப் போகணுமா? நல்லதாப் போச்சு. எனக்கு இப்ப யார்கிட்டயாவது பேசியே ஆகணும். ஆஸ்பத்திரி வார்டுல வாயைத் திறந்தாலே நர்ஸம்மா விரலை உதட்டுல வைக்கிறாங்க. எனக்கு அது ஒத்துவராது. நான் முறுக்குக் கம்பெனியில வேலை செய்யிறவ. எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேல பேசிப் பேசி என் தொண்டையே அப்படி ஆகிப்போச்சு.

என் பேரு பாண்டிமீனா. ஒரு பொண்ணு, மோனிஷா. மூணு வயசு. அவளை அவங்கப்பாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். எனக்குக் குறைன்னு பாத்தா வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான். அது எங்க அத்தை. அதான், மாமியார். ஒச்சம்மான்னு பேரு. எங்க ஊர்ல இறங்கி யார்கிட்ட வேணா கேட்டுப் பாரு, நல்ல மனுசின்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

சரி, முதல்ல இருந்து சொல்றேன். மோனிஷா பிறந்தப்ப எனக்கு ரத்தம் நிக்காமப் போயி, வேற ஆள் ரத்தம் ஏத்தித்தான் பிழைச்சேன். உடம்பு தேறாம அடுத்ததுக்கு அவசரப்படாதன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டார். அவர் எதுக்கும் சரின்னு சொல்ற ஆள்தான், இருந்தாலும் இதுக்கு உடனே சொன்னார். அப்புறம் எங்க ஊர் நர்ஸ் விக்டோரியா சிஸ்டர்கிட்டப் போனேன்.

மாத்திரை கேட்டதும் தூக்கிக் குடுத்துட்டாங்கன்னு நினைக்காத. மொத தடவை குடுக்கவே இல்லை. பிள்ளை பால் குடிக்கிற வரைக்கும் வேற வழி பாப்போம்னு சொல்லி ஆணுறைதான் குடுத்தாங்க. மோனிஷா பால் மறந்தப்புறம் போனேன். அப்ப உக்கார வச்சுக் கேட்டாங்க பாரு கேள்வி! பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, மஞ்சக்காமாலை வந்துருக்கா. தலைவலி வந்தா அதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி கோடு கோடாத் தெரியுதா. வலிப்புக்கோ டி.பி.க்கோ மாத்திரை சாப்பிடுறியா, அது சாப்பிட்டா இது வேலை செய்யாதுன்னாங்க. உன் வீட்டுல யாருக்காவது கால்லயோ நெஞ்சுலயோ ரத்தம் கட்டிச் செத்துருக்காங்களா. கடைசியா, பீடி சிகரெட் பிடிப்பியான்னாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "சிரிக்காதடி, இதையும் அதையும் சேத்து வச்சுக்கிட்டா நெஞ்சு நின்னுரும்"னாங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்வளவு கேக்கலை. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, எத்தனை பவுனு.

கையில பட்டையைச் சுத்தி பிரஷர் பாத்துட்டுத்தான் அட்டையைக் குடுத்தாங்க. இந்தா, பாரு. வெள்ளை மூணு வாரத்துக்கு. இந்தக் கறுப்பு ஒரு வாரத்துக்கு. கறுப்பு வெறும் இரும்புச்சத்துதான், அந்த வாரத்துல மாசத் தூரம் வந்துரும். வந்தாலும் வராட்டியும் கறுப்பு முடிஞ்ச மறுநாள் புது அட்டையில வெள்ளையைத் தொடங்கிரணும். தினம் ஒரே நேரம். நான் ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சதும் போட்டுக்குவேன். ஒருநாள் மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே ஒண்ணு, அப்புறம் அன்னைக்கு உள்ளது ஒண்ணு. ரெண்டு நாள், மூணு நாள் விட்டுட்டா மாத்திரையை மட்டும் நம்பக்கூடாது, ஒரு வாரத்துக்கு அவரும் உறை போட்டுக்கணும். போட்ட உடனே வாந்தி எடுத்துட்டா இன்னொண்ணு போடணும். இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். சிஸ்டர் அவரையும் ஒருநாள் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாங்க. மனுசன் சுவத்துல இருக்கிற பல்லியையே பாத்துக்கிட்டு எல்லாத்துக்கும் சரின்னார்.

நான் அட்டையை ஒளிச்சு வைக்கலை. கண்ணாடி அலமாரியில மேல் தட்டுல, பவுடர் டப்பா பக்கத்துல வச்சேன். மோனிஷாவுக்கு எட்டாது. மத்தவங்களுக்குத் தெரியணும்னே வச்சேன். நான் என்ன தப்பா செய்யிறேன்?

எங்க அத்தை அதைப் பாத்துட்டுப் பேசின பேச்சு இருக்கே. "கர்ப்பப்பை காஞ்சு சருகாப் போயிரும்டி. அப்புறம் நீ கேட்டாலும் நிக்காது." நான் சொன்னேன், "விட்டுட்டா அடுத்த மாசமேகூட நிக்கலாமாம் அத்தை, அதான் பயமா இருக்கு." ஒருநாள் கம்பெனியில இருந்து வந்தா அட்டையைக் காணோம். மாட்டுக் கழனித் தொட்டியில தூக்கிப் போட்டுருக்கு. எனக்கு வந்ததே ஆத்திரம், ஆனா நான் கத்தலை. "போகுது விடுங்க. மாடு குடிச்சா இனிமே சினை பிடிக்காது, வேற என்ன"ன்னேன். எங்க அத்தை ஓடின ஓட்டத்தைப் பாக்கணுமே! தோள் வரைக்கும் தொட்டிக்குள்ள விட்டு, தவிட்டோட அட்டையை எடுத்துக்கிட்டு வந்துச்சு. முழங்கையில எல்லாம் கழனித்தண்ணி. அன்னைக்கு ராத்திரி நான் நினைச்சு நினைச்சுச் சிரிச்சதுல இவர் எந்திரிச்சு உக்காந்துட்டார்.

இப்ப எங்க ஓரகத்தியைப் பத்திச் சொல்லணும். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். இந்திராணி. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். வயசு நாப்பதை ஒட்டி இருக்கும். ரெண்டு பையன்க, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் எல்லாம் முடிஞ்சு ரொம்ப வருசம் ஆச்சு. கனத்த உடம்பு. பிரஷர் மாத்திரை வாங்கி வச்சிருக்கும், ஞாபகம் வந்தா போடும். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. அத்தை நில்லுன்னா நிக்கும், உக்காருன்னா உக்காரும். எனக்குக் கல்யாணமாகி வந்த புதுசுல, நீ சின்னவ, முதல்ல சாப்பிடுன்னு மீனை என் தட்டுல எடுத்து வச்சுட்டு, தான் கொழம்பை மட்டும் ஊத்திச் சாப்பிட்ட மனுசி அது.

எங்க ஊர்க் காளியம்மன் பொங்கலுக்கு முதல் பானை எங்க வீட்டுப் பானைதான். மூத்த மருமக கையால வைக்கணும். அது பொங்கினப்புறம்தான் மத்த வீட்டு அடுப்புல தீயே வைப்பாங்க. அந்தப் பொம்பளை அன்னைக்குச் சுத்தமா இருக்கணும். இந்த வருசம் சாமி சாட்டி நாள் குறிச்ச அன்னைக்கு அக்கா தேதியைக் கணக்குப் பாத்துச்சு. சரியாப் பொங்கல் அன்னைக்குத்தான் வருது. வீட்டுல எழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு.

அந்த நேரத்துல எங்க அத்தைக்கு ஒரு யோசனை வந்துருக்கு. அது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரர் என்னைக் கையைக் காட்டுறார். போன தையில என் தம்பி புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் சிஸ்டர்கிட்டக் கேட்டுட்டு, கறுப்பை விட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளையைத் தொடர்ந்து போட்டேன். அந்த மாசம் தூரம் வரலை. பால்காய்ச்சு முடிஞ்சு நிதானமா வந்துச்சு. அதை நான் குழாயடியில நாலு பேருக்குச் சொன்னேன். நல்ல விசயம்தானே? சும்மாவா கிடக்கு வாயி? "ஒண்ணும் பயமில்லை, வெள்ளையை மட்டும் விடாம முழுங்கினாப் போதும், தேதி நம்ம சொல்றபடி கேக்கும்"னேன். பக்கத்துல எங்க அத்தை குடத்தை வச்சுக்கிட்டு நின்னா, அதுக்கு நான் பொறுப்பா?

என் அலமாரியில ரெண்டு அட்டை குறைஞ்சுது. நான் நேராக் கழனித் தொட்டிக்குப் போய்ப் பாத்தேன், இல்லை. சாக்கடையில பாத்தேன், இல்லை. நடுவீட்டுல நின்னுக்கிட்டுக் கத்தினேன். "எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் நான் வாங்கிக்கிட்டுத்தான் வருவேன். சிஸ்டர் பீரோ நிறைய வச்சிருக்காங்க!" எங்க அத்தை ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. முருங்கைக்கீரையை ஆஞ்சுக்கிட்டே உக்காந்துருந்துச்சு. அக்கா எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிருச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னு கம்பெனிக்குப் போயி முறுக்கைப் பிழிஞ்சேன். பதில் பேசாத அன்னைக்கே நீ சந்தேகப்பட்டுருக்கணும்னு இப்ப எங்க வீட்டுக்காரர் சொல்றார். நான் என்ன போலீஸா?

சரி. காப்புக் கட்டினாங்க. எங்க ஊர்ல காப்புக் கட்டிட்டா பொங்கல் முடியிற வரைக்கும் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டி வெளியூர்ல ராத்தங்கக்கூடாது. பகல்ல போயிட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிரணும். முதல் பானைக்காரி வாசலைத் தாண்டி எங்கயும் போகவே கூடாது. மீறினா ஊருக்கு ஆகாதும்பாங்க. கோழிக்கு நோவு வந்தாக்கூட அதைத்தான் காரணம் சொல்லுவாங்க.

காப்புக் கட்டின மூணாம் நாள் சாயங்காலம். நான் மாவிளக்குக்கு அரிசி இடிச்சுக்கிட்டு வாரேன். வீட்டு முன்னாடி சனம் நிக்குது. உள்ள அக்கா கட்டில்ல படுத்துக் கிடக்கு. இடது கால் வீங்கி, கெண்டைச்சதை மினுமினுன்னு இருக்கு. வலது கால் எப்பவும் போல. சுளுக்கு எடுக்கிற வீரணன் மாமா தலைமாட்டுல விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி வச்சுக்கிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டுறார்.

"என்னாச்சு?"ன்னேன்.

"தண்ணிக்குடம் தூக்கி நரம்பு பெரண்டுருச்சு"ன்னு எங்க அத்தை சொல்லுச்சு. "மாமா ஒரு இழு இழுத்தா சரியாப் போகும்."

நான் காலைத் தொட்டுப் பாத்தேன். அடுப்புச் சட்டி மாதிரி கொதிக்குது. அக்கா முகத்துல வேர்வை. எனக்கு அந்த நிமிசம் சிஸ்டர் சொன்னது காதுல ஒலிக்குது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, இதுவரைக்கும் வராத மாதிரி தலை வலிச்சாலோ, கண்ணு மங்கினாலோ மாத்திரையை நிறுத்திட்டு ஓடியா, விடியட்டும்னு இருக்காதன்னு. அது எனக்குச் சொன்னது. அக்கா எங்க மாத்திரை தின்னுச்சு? அப்பத்தான் அலமாரி ஞாபகம் வந்துச்சு.

"அக்கா, என் அட்டையை எடுத்துத் தின்னியா?"

அக்கா எங்க அத்தையைப் பாத்துச்சு. அத்தை விளக்கெண்ணெயைப் பாத்துச்சு.

"அக்கா! உன்னைத்தான் கேக்குறேன்!"

"காலையில ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு"ன்னுச்சு. "எனக்கு உடம்பு பெருசு, ஒண்ணு போட்டா நிக்காதுன்னு அத்தைதான்..."

வீரணன் மாமா கையில எண்ணெயை ஊத்திட்டார். "மாமா, கையை எடுங்க!"ன்னு போட்டேன் ஒரு சத்தம். மனுசன் பயந்து எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் கால்லயே கவுத்துக்கிட்டார். "ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"ன்னார். "ஆமா மாமா, பிடிச்சிருச்சு. தொட்டீங்க, கடிச்சே வச்சிருவேன்."

சிஸ்டருக்குப் போன் போட்டேன். பாதி சொல்றதுக்குள்ளயே, "தேய்க்க விடாத, நடக்க விடாத, நூத்தியெட்டைக் கூப்பிடு"ன்னாங்க. "அவங்க அம்மா எப்படி இறந்தாங்கன்னு கேளு"ன்னாங்க. கேட்டேன். கால் வீங்கிக் கிடந்து, ஒருநாள் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனவங்க மூச்சு முட்டி அப்படியே விழுந்து போனாங்களாம். எங்கிட்ட சிஸ்டர் கேட்ட கேள்வி ஒவ்வொண்ணுக்கும் நான் இல்லை இல்லைன்னேன். அக்காகிட்டக் கேட்டிருந்தா ஆமா ஆமான்னு வந்திருக்கும். யாரு கேட்டா?

வண்டியைக் கூப்பிட்டேன்னு சொன்னதும் கிளம்புச்சு பாரு கூச்சல். கோயில் முறைகாரர் கருத்தபாண்டி பெரியப்பா துண்டை உதறிக்கிட்டு வந்தார். "முதல் பானைக்காரி எல்லை தாண்டுனா பொங்கலையே நிறுத்தணும்மா. டாக்டரை இங்க கூட்டியாங்க."

"டாக்டர் வருவார் பெரியப்பா. ஸ்கேன் மிசினை யார் தலையில தூக்கிட்டு வாரது, நீங்களா?"

"பொம்பளை பேசுற பேச்சா இது?"

"பொம்பளை காலுதானே வீங்கியிருக்கு? ஆம்பளையா பேசுவான்? காளியாத்தாளுக்குப் பானை வைக்க ஆள் வேணுமா, பாடை வேணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

எங்க பெரியத்தான், அக்கா வீட்டுக்காரர், தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறார். அழுது என்னத்துக்கு? "கட்டிலைப் பிடிங்க"ன்னேன். எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிச்சார், சரின்னுகூடச் சொல்லாம. கட்டிலோட தூக்கிக்கிட்டு எல்லைக் கல்லுக்குப் போனோம். தெரு குறுகல், வண்டி உள்ள வராது. நான் மஞ்சச் சீலையோட, தலை எல்லாம் அரிசி மாவோட, பேய் மாதிரி முன்னால ஓடுறேன். பின்னால ஊரே வருது. எங்க அத்தை கல்லு வரைக்கும் வந்துச்சு. அங்கயே நின்னுருச்சு. ஒரு எட்டு வைக்கலை. வண்டி கிளம்புறப்ப கண்ணாடி வழியா பாக்குறேன், கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கல்லும் கல்லுமா நிக்குதுகன்னு நினைச்சேன்.

ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. கால் நரம்புல ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குதாம். டாக்டர் சின்னப் பையன், மீசைகூட சரியா வரலை. "யாரும் தேய்ச்சீங்களா?"ன்னார். "கால்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி தடுத்துட்டேன்"னேன். "நல்லவேளை. தேய்ச்சுப் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா இங்க கொண்டுவந்து பிரயோசனம் இல்லை"ன்னார். வயித்துல ஊசி போட்டாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து, "பிரஷர் உள்ளவங்க, இந்த வயசு, வீட்டுல ஏற்கெனவே இப்படி ஒரு சாவு, அவங்களுக்கு யாரும்மா இந்த மாத்திரையைக் குடுத்தது?"ன்னு குதிச்சார்.

"எங்க அத்தை"ன்னேன். "ஆனா மாத்திரையைத் திட்டாதீங்க சார். அது எனக்கு அளவெடுத்துக் குடுத்தது. என் ஜாக்கெட்டை எங்க அக்காவுக்குப் போட்டுவிட்டுட்டு, தைச்சவனைத் திட்டினா எப்படி?" அவர் எனக்கும் பட்டையைச் சுத்திப் பிரஷர் பாத்தார். சரியா இருந்துச்சு. "நீங்க தொடர்ந்து சாப்பிடலாம். அப்பப்பப் பிரஷர் மட்டும் பாத்துக்குங்க"ன்னுட்டுப் போயிட்டார். அந்தக் கலவரத்துலயும் நான் ஒருநாள்கூட விடலை தெரியுமா? அன்னைக்கு வண்டியில வந்தப்பக்கூட அட்டை என் இடுப்புல இருந்துச்சு.

அக்கா பிழைச்சுக்கிச்சு. முதல் ரெண்டு நாளும் நர்ஸம்மா காலை அளந்து அளந்து பாத்தாங்க. நேத்து வீக்கம் வத்த ஆரம்பிச்சிருச்சு. மாசக்கணக்கா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடணுமாம். இனி ஜென்மத்துக்கும் இந்த வெள்ளை மாத்திரை பக்கம் போகக்கூடாதாம். நேத்து அக்கா முதல் தடவையா வாயைத் திறந்து, "மீனா, எனக்குப் பானையும் வேணாம் ஒண்ணும் வேணாம், என் பிள்ளைகளைப் பாக்கணும்"னுச்சு. நானும் அழுதேன். கொஞ்சந்தான்.

ஊர்ல என்ன நடந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னார். முதல் பானையைப் பங்காளி வீட்டுக்கு மாத்திரலாம்னு முறைகாரர் சொல்லிருக்கார். எங்க அத்தை கோயில் வாசல்ல போய் உக்காந்துக்கிச்சாம், பச்சைத்தண்ணி குடிக்காம. "குத்தம் பண்ணினது நான். மூத்தவளுக்கு மாத்திரை குடுத்தது நான். சின்னவ உசுரைத்தான் தூக்கிக்கிட்டுப் போனா. அவ வந்து வைப்பா பானையை. மாத்துறதா இருந்தா என்னைத் தூக்கிப் போட்டுட்டு மாத்துங்க"ன்னுச்சாம். கடைசியில, எல்லையில மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கூப்பிட்டுக்கலாம்னு முடிவாச்சாம். பாத்தியா கௌரவத்தை? தன் வீட்டுப் பானை போயிரக்கூடாதுன்னு எப்படி உருகுது பாரு! நான் ஏமாறுவேனா?

சோறும் அப்படித்தான். தினமும் இந்த பஸ்காரர்கிட்டத் தூக்குவாளி குடுத்து விட்டுச்சு. அக்காவுக்கு உப்புக் கம்மியா ஒண்ணு. எனக்கு மீன் கொழம்பு தனியா. எல்லாம் ஊர் பாக்கணும்னுதான். கொழம்பு நல்லா இருந்துச்சு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஏன், பிள்ளை அழுகுதே, பசிக்குதோ? குடு குடு, நான் இந்தப் பக்கம் மறைச்சு உக்காந்துக்கிறேன். எத்தனை மாசம்? நாலா? பால் மட்டுந்தான் குடிக்குதா? அப்ப நீ இந்த அட்டையை இப்படிப் பாக்காத தங்கச்சி. நான் பாத்துட்டேன், நீ அப்பயிருந்து இதையேதான் பாத்துக்கிட்டு இருக்க. இது இப்ப உனக்கு ஆகாது. பாலைக் குறைச்சிரும். பால் குடுக்கிறவங்களுக்குன்னு வேற மாத்திரை இருக்காம், காப்பர் டி இருக்கு. உங்க ஊர் நர்ஸைப் போய்ப் பாரு. கேள்வி கேக்கச் சொல்லு. கேக்காமக் குடுத்தா, கேட்டுட்டுக் குடுங்கன்னு சொல்லு. நான் தர மாட்டேன், நீ காலைப் பிடிச்சாலும் தர மாட்டேன். உள்ள வைக்கிறேன் பாரு.

எங்க விட்டேன்? ஆங், இன்னைக்குக் காலையில.

இன்னைக்குத்தான் எங்க ஊர்ப் பொங்கல். வார்டுல அக்காவுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கேன். நிமிந்தா எங்க அத்தை வந்து நிக்குது. கையில காப்பு, காலுல செருப்பு இல்லை, தூக்குவாளி. முதல் பஸ்ஸுக்கு எல்லைக் கல்லைத் தாண்டி வந்திருக்கு. நேரா அக்காகிட்டப் போச்சு. கால்மாட்டுல நின்னு பாத்துச்சு. தொடப்போயி, தொடாம கையை இழுத்துக்கிச்சு. அப்புறம் எங்கிட்டத் திரும்பி, "இனி இவளை நான் பாத்துக்கிறேன். ராத்திரிக்கும் இங்கதான் இருப்பேன். நீ போய்ப் பானையை வை"ன்னுச்சு.

காப்பு கட்டின கையோட ராத்தங்கப் போகுதாம்! நான் அதைக்கூட விட்டுட்டேன். எங்கிட்ட ஒரு வெடி இருந்துச்சு. அதை வச்சிருந்து போட்டேன்.

"எனக்கு இன்னைக்குத் தூரம், தெரியுமா? விடியக்காலையிலதான் ஆச்சு. இது கறுப்பு வாரம். வேணும்னா வெள்ளையைத் தொடர்ந்து போட்டுத் தள்ளி வச்சிருக்கலாம். எனக்கு ஆகும், சிஸ்டரும் சரின்னுருப்பாங்க. ஆனா நான் செய்யலை. சாமிக்காகன்னு ஒருத்தி காலை வீங்க வச்சுப் படுத்துக் கிடக்கா, நானும் முழுங்கணுமா? இப்படியே வச்சா வைக்கிறேன், இல்லாட்டி உங்க பானையை நீங்களே வச்சுக்குங்க!"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. நர்ஸம்மா விரலை உதட்டுல வைக்கக்கூட மறந்துட்டாங்க. அக்கா கண்ணை மூடிக்கிச்சு.

எங்க அத்தை தூக்குவாளி மூடியைத் திறந்துச்சு. கஞ்சியைத் தட்டுல ஊத்துச்சு. ஊதி ஆத்திக்கிட்டே, என் முகத்தைக்கூடப் பாக்காம, "நான் உங்கிட்டக் கேட்டேனா?"ன்னுச்சு.

"ஊரு கேக்கும்ல?"

"கேக்குறவனை எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. பஸ்ஸு போயிரும், கிளம்பு."

அவ்வளவுதான் தங்கச்சி. அவ்வளவேதான்! எத்தனை மாசமா நான் இந்தச் சண்டைக்குப் பேச்சு சேத்து வச்சிருந்தேன் தெரியுமா? கர்ப்பப்பைக்கு ஒரு பதில், கழனித் தொட்டிக்கு ஒரு பதில், அடுத்த பேரன் எங்கடிங்கிறதுக்கு ரெண்டு பதில். எதுக்கும் இடம் குடுக்காம, ஒரே வார்த்தையில முடிச்சு என்னை பஸ் ஏத்தி விட்டுருச்சு. இதெல்லாம் ஒரு ஞாயமா? சண்டைன்னு வந்தா நின்னு போடணும்ல? இப்படிப்பட்ட மாமியாரை வச்சுக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு நீயே சொல்லு.

சிரிக்கிறியா? சிரி சிரி. உனக்கும் ஒண்ணு இருக்கும்ல, நாளைக்குத் தெரியும்.

இந்தா, கொட்டுச் சத்தம் கேக்குது. எல்லைக் கல்லுல நிக்கிறாங்க பாரு, மஞ்சத்தண்ணிச் செம்போட, முறைகாரர் முன்னால. எங்க வீட்டுக்காரர் தோள்ல மோனிஷா. கண்டக்டரண்ணே, நிறுத்துங்க, இறங்கணும்! தங்கச்சி, அந்தப் பையை எடு. வாரேன். நர்ஸைப் பாரு, மறந்துராத.

என்ன கேக்குற? இந்த நிலைமையில வச்சுப் பானை பொங்கலைன்னாவா?

இன்னும் நாலு விறகை உள்ள தள்ளுவேன்.